நெஞ்சிலிருந்து சுண்டுவிரல் வரை: சீன மருத்துவத்தின் இதயத் தடமும் நம் ஊர்க் கேள்வியும்

பண்ருட்டிப் பக்கத்தில் பலாச் சுமை ஏற்றுகிறவரோ முந்திரிக் கொட்டை உடைக்கிற அம்மாவோ திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், அவர் வாயில் முதலில் வரும் சொற்கள் ஏறக்குறைய ஒன்றேதான்: "நெஞ்சு அடைக்குது, இடது கை இழுக்குது." அந்த இழுப்பு அக்குளிலிருந்து புறப்பட்டு, கையின் உட்புறமாக இறங்கி, சிலருக்குச் சுண்டுவிரல் வரை போகும். சிதம்பரத்தில் எம்.பி.பி.எஸ். படிக்கும் மாணவி இதை மாரடைப்பின் அடையாளங்களில் ஒன்றாகப் படிக்கிறார். அக்குபங்சர் படிக்கும் மாணவி அக்குளில் தொடங்கிச் சுண்டுவிரலில் முடியும் இதே வழியை 'இதய சக்தி நாளம்' என்று படிக்கிறார்.

இருவர் புத்தகத்திலும் ஒரே வழி இருப்பதால் ஒரு கேள்வி எழுகிறது. கடலூர் மாவட்டத்தின் சிறு நகரங்களில்கூட அக்குபங்சர் பலகைகள் தொங்கும் இந்நாளில், நெஞ்சு நோய்க்கு மணிக்கட்டில் ஊசி குத்தலாமா, விரலால் தொட்டால் போதுமா என்று கேட்பவர்கள் பலர். அதற்குப் பதில் தேட, அந்தத் தடம் எப்படி உருவானது, மூல நூல்கள் அதைப் பற்றி என்ன எழுதின, இன்றைய சோதனைகள் என்ன காட்டுகின்றன என்று மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

தடமும் ஒன்பது புள்ளிகளும்

சீன மரபில் இதயத் தடத்தின் முழுப் பெயர் 'கை ஷாவ்யின் இதயத் தடம்'. அது இதயத்தில் பிறக்கிறது. ஒரு கிளை உதரவிதானத்தைத் துளைத்துச் சிறுகுடலுக்கு இறங்குகிறது. இன்னொரு கிளை தொண்டை வழியே கண்ணை நோக்கி ஏறுகிறது. முதன்மைக் கிளை நுரையீரலைத் தொட்டு, அக்குளில் வெளிப்பட்டு, கையின் உட்புறப் பின் ஓரமாக ஓடிச் சுண்டுவிரல் நுனியில் முடிகிறது. பஞ்சபூதக் கணக்கில் இதயம் நெருப்பு, அதன் இணை சிறுகுடல், அதற்குரிய உணர்ச்சி மகிழ்ச்சி, அதன் வாசல் நாக்கு. பகல் 11 மணி முதல் 1 மணி வரை அதன் நேரம்.

தடத்தில் பக்கத்துக்கு ஒன்பது புள்ளிகள். அக்குளின் நடுவில், தமனித் துடிப்பை ஒட்டி ஜீச்சுவான். மேற்கையின் உட்புறத்தில் சிங்லிங். முழங்கையை மடக்கினால் விழும் மடிப்பின் உள்முனையில் ஷாவ்ஹாய். அதற்குப் பிறகு முன்கை முழுதும் வெறுமையாக விட்டு, மணிக்கட்டருகே நான்கு புள்ளிகள் நெருக்கமாக வருகின்றன: லிங்தாவ், தோங்லி, யின்சி, ஷென்மென். உள்ளங்கையில், கையைப் பொத்தும்போது சுண்டுவிரல் நுனி படும் இடத்தில் ஷாவ்ஃபு. சுண்டுவிரல் நகத்தின் மூலையில், மோதிரவிரல் பக்கமாக ஷாவ்சோங்.

இவற்றில் பேர்பெற்றது ஏழாவது புள்ளியான ஷென்மென். நம் ஊர் அக்குபங்சர்காரர்கள் அதை எச் 7 என்பார்கள். மணிக்கட்டு மடிப்பில், சுண்டுவிரல் பக்கத்துத் தசைநாணை ஒட்டிய பள்ளத்தில் அது இருக்கிறது. பெயரின் பொருள் 'ஆன்மாவின் வாசல்'. தூக்கமின்மை, மறதி, பதற்றம், படபடப்பு ஆகியவற்றுக்கு அதைச் சொல்கிறார்கள். ஐந்தாவதான தோங்லி திடீரென்று குரல் அடைத்துப்போவதற்கு; ஆறாவதான யின்சி இரவு வியர்வைக்கு; முழங்கைப் புள்ளி கைநடுக்கத்துக்கு; விரல்முனைப் புள்ளி மயக்கம் தெளிவிக்க. பட்டியலைக் கூர்ந்து படித்தால், இதயத் தடம் பெரும்பாலும் மனத்தையும் உறக்கத்தையும் பேச்சையும் பற்றியது என்பது விளங்கும்.

தமிழருக்கு இது வியப்பாக இருக்காது. சீனத்தில் 'சின்' என்ற சொல் இதயத்தையும் மனத்தையும் சேர்த்துக் குறிக்கிறது. நம் 'நெஞ்சு' என்ற சொல்லும் அப்படித்தான். திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்ற அதிகாரத்தில் பேசப்படும் நெஞ்சு மார்புக்கூட்டுக்குள் துடிக்கும் தசை அன்று. நெஞ்சுவலி என்று சொல்லிக் கைகாட்டும் நெஞ்சு அதே தசைதான். ஒரு சொல்லில் இரண்டு பொருள் இருக்கும்போது மருத்துவத்தில் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

மூல நூல்கள் போட்ட எல்லை

சீனாவின் ஹூனான் மாநிலத்தில் மாவாங்துய் என்ற இடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973இல் திறந்தபோது, பட்டுத் துணியில் எழுதிய மருத்துவ ஏடுகள் கிடைத்தன. அவற்றில் உடலின் தடங்கள் பதினொன்று. பன்னிரண்டாவதான இதய உறைத் தடம் அங்கே கிடையாது. ஊசியும் இல்லை, புள்ளிகளும் இல்லை. தடத்தின் மேல் மூலிகையைக் கொளுத்திச் சூடு வைப்பதே சிகிச்சை. கை ஷாவ்யின் தடம் அந்தப் பதினொன்றில் ஒன்று. அதன் நோய்க்குறிகளில் நெஞ்சுவலியும் தொண்டை வறட்சியும் உண்டு.

அதற்குப் பின் தொகுக்கப்பட்ட 'மஞ்சள் பேரரசரின் அகநூல்' தொகுதியில் 'லிங்ஷூ' என்ற பகுதிதான் ஊசி மருத்துவத்தின் அடித்தளம். இன்று ஊசி பிடிக்கும் பலரும் நின்று யோசிக்க வேண்டிய செய்தி ஒன்று அதில் இருக்கிறது. ஒவ்வொரு உறுப்புக்கும் உரிய ஐந்து முக்கியப் புள்ளிகளை அந்நூல் வரிசைப்படுத்துகிறது. இதயத்தின் முறை வரும்போது, இதயத் தடத்தின் புள்ளிகளை அது தரவில்லை. நடுவிரலிலிருந்து ஏறும் இதய உறைத் தடத்தின் புள்ளிகளைத் தருகிறது. பிறிதோர் அத்தியாயத்தில் பேரரசர், ஷாவ்யின் தடத்துக்கு மட்டும் ஏன் புள்ளிகள் இல்லை என்று கேட்கிறார். இதயம் உறுப்புகளுக்கெல்லாம் தலைமை, உயிரின் உறைவிடம். கேடு அதற்குள் நுழையக் கூடாது, நுழைந்தால் மரணம். எனவே கேட்டை வாங்கிக்கொள்வது அதைச் சுற்றியுள்ள உறை என்பது அங்கே வரும் விடையின் சாரம். தடத்தின் வெளிப்பகுதி மட்டும் நோயுற்றால் மணிக்கட்டு எலும்பின் பின்னால் உள்ள இடத்தைப் பிடிக்கலாம் என்று ஒரு விலக்கும் தருகிறது. அந்த இடம்தான் ஷென்மென்.

இன்னும் ஓர் அத்தியாயம் நெஞ்சுவலிகளை வகைபிரிக்கிறது. வேறு உறுப்புகளின் கோளாறால் நெஞ்சுக்கு ஏறும் வலிகள் பல; அவற்றுக்குப் புள்ளிகள் சொல்லப்படுகின்றன. 'மெய்யான இதய வலி' என்ற ஒன்று தனியாக வருகிறது. கைகால்கள் மூட்டு வரை நீலம் பாரித்து, வலி உச்சத்தில் நிற்கும். காலையில் வந்தால் மாலைக்குள்ளும், மாலையில் வந்தால் மறுநாள் காலைக்குள்ளும் உயிர் போய்விடும் என்று நூல் எழுதுகிறது. அதற்கு ஒரு புள்ளியையும் அது சொல்லவில்லை. மாரடைப்பை நேரில் கண்ட ஒருவர் எழுதிய வரிகள் அவை என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, தம் ஊசி எட்டாத இடம் எது என்று அந்த மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள். அறிந்ததை மறைக்காமல் எழுதியும் வைத்தார்கள்.

இதயத் தடத்துக்கெனத் தனிப் புள்ளிகள் நிலைபெற்றது பிறகுதான். மூன்றாம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மி தொகுத்த நூலில் எட்டுப் புள்ளிகள் வருகின்றன. சிங்லிங் பின்னாளில் சேர்ந்தது. 1027இல் சோங் அரசவையின் வாங் வெய்யி இரண்டு வெண்கல மனித உருவங்களை வார்த்து, புள்ளிகளின் இடங்களை அவற்றில் குறித்தார். 1822இல் சீனப் பேரரசரே அரண்மனை மருத்துவக் கழகத்தில் ஊசி மருத்துவத்தைத் தடை செய்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் அரசு ஆதரவோடு அது மறுபடி எழுந்தது. 'ஐயாயிரம் ஆண்டுகளாக மாறாத முறை' என்று விளம்பரத் தாள்களில் படிப்பவர்கள் இந்த வரலாற்றை நினைவில் கொள்ள வேண்டும். ஒன்பது புள்ளிகளும் ஒரே நாளில் அருளப்பட்டவை அல்ல. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தும் திருத்தியும் உருவானவை.

சிதம்பரத்தின் நாடிகளும் குமரியின் வர்மமும்

உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத வழிகள் ஓடுகின்றன என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. சிதம்பரத்தில் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன் ஓடுகள், மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு. அவற்றைப் பிணைத்த 72,000 ஆணிகள், உடலின் நாடிகளின் கணக்கு என்று சொல்வது மரபு. சிற்சபை கோயிலின் நட்டநடுவில் இல்லாமல் சற்றே ஒதுங்கி நிற்பதை, மார்பில் இதயம் இடப்பக்கம் ஒதுங்கி இருப்பதோடு ஒப்பிடுவார்கள். சித்த மருத்துவத்தில் வாத, பித்த, கப நாடிகளை மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்கிறார்கள். சீன மருத்துவரும் மணிக்கட்டில்தான் நாடி பார்க்கிறார்.

குமரி மாவட்டத்தில் வேரூன்றிய வர்மக் கலை இன்னும் நெருங்கி வருகிறது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்களை அது சொல்கிறது. அவற்றின் தூரத்தை அளப்பது விரற்கடையால். சீனர் 'சுன்' என்ற அளவை நோயாளியின் சொந்தக் கட்டைவிரல் அகலத்தைக் கொண்டு அளப்பது போலவே. போகர் சீனம் போனார் என்ற சித்தர் மரபும், 1015 முதல் சோழர் சீன அரசவைக்குத் தூது அனுப்பிய வரலாறும், சுவான்சோவ் துறைமுகத்தில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் சேர்ந்துகொள்ள, வர்மமும் அக்குபங்சரும் ஒன்றே என்று மேடையில் பேசுவது எளிதாகிவிடுகிறது.

ஆனால் இரண்டின் உள்ளமைப்பும் வேறு. வர்மத்தின் அடிப்படைக் கேள்வி, அடிபட்டால் எந்த இடத்தில் உயிருக்குக் கேடு, அதை இளக்குவது எப்படி என்பது. அக்குபங்சரின் அடிப்படைக் கேள்வி, பன்னிரண்டு தடங்களில் ஓட்டம் எங்கே தடைபட்டது என்பது. நாடி எண்ணிக்கை யோக மரபின் கணக்கு. தடம் சீன மரபின் கணக்கு. வணிகத் தொடர்பு இருந்ததற்குக் கல்வெட்டு சான்று. மருத்துவம் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்ததற்கு அது சான்றாகாது. இரண்டையும் தனித்தனியே மதித்துப் படிப்பதுதான் இரண்டுக்கும் நாம் செய்யும் மரியாதை.

இந்தியாவுக்கு வந்த வழி

அக்குபங்சர் இந்தியாவுக்குள் வந்த கதை ஒரு நட்பின் கதை. 1938இல் போரில் சிக்கிய சீனாவுக்கு உதவ இந்தியா அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் துவாரகாநாத் கோட்னிஸோடு போனவர் பிஜோய் குமார் பாசு. பின்னர் 1950களின் இறுதியில் மறுபடி சீனா சென்று ஊசி மருத்துவம் கற்றுவந்து, கல்கத்தாவில் அதைத் தொடங்கியவர் அவரே. மேற்கு வங்கம் 1996இல் இதற்கென்று தனிச் சட்டமே இயற்றியது. தெற்கே இலங்கையில் ஆன்டன் ஜயசூரிய களுபோவில மருத்துவமனையில் நடத்திய பயிற்சி, உலகின் பல நாட்டு மாணவர்களை ஈர்த்தது. மத்திய அரசு 2003 நவம்பர் 25இல் வெளியிட்ட ஆணையில், பதிவுபெற்ற மருத்துவர்களோ உரிய பயிற்சி பெற்றவர்களோ இதைச் செய்யலாம் என்றது. 2019 பிப்ரவரி 21இல் தனிச் சிகிச்சை முறையாகவும் ஏற்றது.

தமிழ்நாட்டில் இது தனக்கென்று ஒரு வடிவமும் எடுத்தது. நாடி பார்த்து, 'தாய்-சேய்' விதிப்படி ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்து, ஊசியே இல்லாமல் விரலால் தொடும் முறை இங்கே பரவியிருக்கிறது. நெருப்பின் தாய் மரம் என்பதால், இதயம் தளர்ந்தால் மரத்துக்குரிய எச் 9. நெருப்பின் சேய் மண் என்பதால், மிகுந்தால் மண்ணுக்குரிய எச் 7. செலவு குறைவு, வலி இல்லை, நோயாளியோடு நிதானமாகப் பேசுகிறார்கள் என்பதால் மக்கள் தேடிப் போகிறார்கள். பெரிய மருத்துவமனையில் இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காத காது இங்கே கிடைக்கிறது என்பதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

சோதனைகள் சொல்வது

முதலில் அந்தத் தடத்தை உடலில் தேடுவோம். 1768இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் மார்புநெரிப்பு நோயை விவரித்தபோதே இடது கைக்குப் பரவும் வலியையும் குறித்தார். இன்று காரணம் தெரிகிறது. இதயத்தின் வலியைச் சுமக்கும் நரம்புகள் மேல்முதுகுத் தண்டுவடத்துக்குள் நுழைகின்றன. கையின் உட்புறத் தோலிலிருந்து வரும் நரம்புகளும் அதே இடத்தை ஒட்டி நுழைகின்றன. எங்கிருந்து வந்த செய்தி என்று மூளை பிரித்தறியாமல், கை வலிப்பதாக உணர்கிறது. பண்டைச் சீனர் இந்த வலியின் பாதையைக் கண்டு தடத்தை வரைந்திருக்கலாம் என்பது என் ஊகம். உண்மையான கவனிப்பு அது. சக்தி ஓட்டம் என்பது அதற்கு அவர்கள் தந்த விளக்கம். 2002இல் ஹெலன் லேஞ்சவின் கையின் குறுக்குவெட்டுகளை ஆராய்ந்து, புள்ளிகளில் சுமார் 80 சதவீதம் தசைகளுக்கிடையே ஓடும் இணைப்புத் திசுவின் தளங்களில் விழுவதாக எழுதினார். தடம் என்று ஒரு தனிக் குழாயை உடற்கூறியல் கண்டதில்லை.

சிகிச்சையின் பலனுக்கு வருவோம். 2019இல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் வந்த சீன ஆய்வு நம் கேள்விக்கு மிக அருகில் நிற்கிறது. நாள்பட்ட, நிலையான நெஞ்சுவலி உள்ள 404 பேரைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இதய உறைத் தடத்தின் ஆறாம் புள்ளியும் இதயத் தடத்தின் ஐந்தாம் புள்ளியான தோங்லியும், இன்னொரு பிரிவுக்கு நுரையீரல் தடத்தின் புள்ளிகள், மூன்றாவதற்குப் போலி ஊசி, நான்காவது காத்திருப்போர். நான்கு வாரத்தில் 12 முறை சிகிச்சை. எல்லோரும் வழக்கமான மருந்தைத் தொடர்ந்தார்கள். பதினாறாம் வாரத்தில் வலி வரும் தடவைகள் முதல் பிரிவில் சுமார் எட்டுக் குறைந்தன. நுரையீரல் புள்ளிப் பிரிவில் சுமார் நான்கு. மற்ற இரண்டிலும் மூன்றுக்குக் கீழே. தடத்தைத் தேர்வதில் பொருள் இருக்கிறது என்று வாதிடுவோருக்கு இது வலுவான சான்று. ஆனால் ஊசி குத்தியவர்களுக்கு எது எந்தப் பிரிவு என்று தெரியும். மாரடைப்பு வந்தவர்களுக்கு அவசர சிகிச்சையாக இது சோதிக்கப்படவில்லை. மருந்துக்குப் பதிலாகவும் இல்லை, மருந்தோடு சேர்த்துத்தான்.

எதிர்ப்பக்கத்திலும் கனமான சான்று இருக்கிறது. 2007இல் ஜெர்மனியில் 1,162 முதுகுவலிக்காரர்களிடம் நடந்த ஆய்வில், முறையான ஊசியில் 47.6 சதவீதத்தினரும், புள்ளியைத் தவிர்த்து மேலாகக் குத்திய போலி ஊசியில் 44.2 சதவீதத்தினரும் தேறினார்கள். வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம்தான். ஊசி உதவியது, புள்ளியின் துல்லியம் பெரிதாக உதவவில்லை. ஷென்மெனின் சொந்தக் களமான தூக்கமின்மைக்கு, காக்ரேன் அமைப்பு 2012இல் 33 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, அவற்றின் தரம் குறைவு, உறுதியாகச் சொல்ல முடியாது என்றது.

புள்ளியின் துல்லியம் பற்றி இன்னொரு எளிய கணக்கும் உண்டு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை 12 சுன். மணிக்கட்டருகே உள்ள நான்கு புள்ளிகளும் ஒன்றரைச் சுன்னுக்குள், அதாவது இரண்டு விரல் அகலத்துக்குள் அடங்குகின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அரைச் சுன், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். ஒரு விரல் நுனியே அதைவிட அகலம். ஊசி ஒருவேளை பிரித்தறியலாம். விரலால் தொட்டு ஐந்தாம் புள்ளிக்கு ஒரு பலன், ஆறாம் புள்ளிக்கு வேறொரு பலன் என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

பாதுகாப்பையும் சேர்த்து எண்ண வேண்டும். ஷென்மெனுக்கு அடியிலேயே அல்னார் தமனியும் நரம்பும் ஓடுகின்றன. ஜீச்சுவானுக்கு அருகில் அக்குள் தமனி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரும், பேஸ்மேக்கர் பொருத்தியவரும் ஊசிக்கும் மின்தூண்டலுக்கும் முன்னால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். மார்பெலும்பில் பிறவியிலேயே ஒரு துளை இருந்த நோயாளிக்கு நெஞ்சில் குத்திய ஊசி இதயத்தைத் தொட்டு உயிர் போன சம்பவம் 1995இல் 'லான்செட்' இதழில் பதிவானது. அரிதானது என்றாலும் நடந்தது.

நம் ஊரில் எது எதற்கு

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இது: இதயத் தடத்தை நெஞ்சு என்ற சொல்லின் மனப்பொருளில் வைத்துப் பயன்படுத்தலாம், தசைப்பொருளில் வைத்து நம்பக் கூடாது. உறக்கம் வராமல் புரள்கிறவர், பரீட்சைக்கு முன் படபடக்கும் பிள்ளை, மருத்துவப் பரிசோதனையில் இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் நெஞ்சு திக்திக்கென்று அடிப்பவர் ஆகியோர் பயிற்சி பெற்றவரிடம் சுத்தமான, ஒருமுறை மட்டுமே பயன்படும் ஊசியால் ஷென்மெனைச் செய்துகொள்வதில் எனக்கு மறுப்பில்லை. நிலையான நெஞ்சுவலிக்கு மருத்துவர் அறிந்தே, மருந்தோடு சேர்த்துச் செய்துகொள்ளலாம். ஸ்டென்ட் வைத்தவரிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் சிகிச்சையாளர் எந்த மரபைச் சேர்ந்தவரானாலும், அவரை விட்டு அன்றே விலக வேண்டும்.

திடீர் நெஞ்சுவலிக்குப் பதில் ஒன்றே. மார்பில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ ஏறும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால், வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருப்பதும் மணிக்கட்டைப் பிடித்து அழுத்திக்கொண்டிருப்பதும் ஒரே அளவு ஆபத்து. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் கைவலியே இல்லாமல், மூச்சுத்திணறலும் களைப்புமாக மட்டும் மாரடைப்பு வரலாம். தடம் வரைந்த படம் அவர்களுக்கு உதவாது. 108ஐ அழைக்க வேண்டும். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் முதல் தவணையைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருப்பவருக்கு அந்த மாத்திரைகள்தான் உயிரைக் காக்கும் முதல் படி.

இதைக் கேட்கும் அக்குபங்சர்காரர்கள் தம் கலையை இழிவுபடுத்துவதாக எண்ண வேண்டாம். மெய்யான இதய வலிக்குப் புள்ளி சொல்லாமல் விட்ட லிங்ஷூவின் நேர்மையைத்தான் அவர்களிடம் நான் கேட்கிறேன். தம் எல்லையை எழுதிவைத்த நூல் என்பதால்தான் அதன் மற்றப் பக்கங்களையும் மதித்துப் படிக்கத் தோன்றுகிறது.

பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார், கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் மடத்தில் தருமசேனராக இருந்தபோது சூலை நோயில் துடித்தார். அங்கிருந்தவர்கள் தமக்குத் தெரிந்த வழியெல்லாம் செய்து பார்த்தும் வலி தீரவில்லை. தமக்கை திலகவதியார் இருந்த திருவதிகைக்கு அவர் இரவோடு இரவாகப் புறப்பட்டு வந்தார் என்கிறது பெரியபுராணம். மருள்நீக்கியார் நாவுக்கரசராக நமக்குக் கிடைத்தது அந்த ஒரு பயணத்தால். பக்தியோடு படிப்பவருக்கு அதில் அருள் தெரியும். நோயாளியாகப் படிக்கும் எனக்கு அதோடு இன்னொன்றும் தெரிகிறது: தீராத இடத்தில் விடியும்வரை காத்திருக்காமல், அந்த வலியோடே எழுந்து நடந்த துணிவு. இன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பண்ருட்டியில் உட்காருகிறவர் போக வேண்டியது அதே சாலையில்தான், ஆனால் எதிர்த்திசையில், கடலூரை நோக்கி. அவரை வண்டியில் ஏற்றிவிடும் கை ஓர் அக்குபங்சர்காரருடையதாக இருந்தால், அவர் தம் மூல நூலைச் சரியாகப் படித்தவர் என்று சொல்வேன்.